வலப்பக்கத்தில் வராத பெயர்

‘வகு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தது ‘வகை’. வகுத்தல் என்றால் பிரித்தல். கணக்கில் வகுப்பதும் பள்ளியில் வகுப்பு அமைவதும் இந்தப் பொருளில்தான். அதே சொல்லுக்கு விதித்தல் என்ற பொருளும் உண்டு. சட்டம் வகுத்தார்கள், நெறி வகுத்தார்கள் என்கிறோம். நிரல்மொழிகளில் ‘டைப்’ என வழங்குவதை ‘வகை’ என்று தமிழில் சொல்லும்போது முதற்பொருள் மட்டுமே உடனே மனத்தில் படுகிறது: இவை முழு எண்கள், இவை மெய்யெண்கள், இவை எழுத்துச் சரங்கள். அது மேலடுக்கு. விதித்தல் என்ற இரண்டாம் பொருள் அதற்கு அடியில் இருக்கிறது. சார்புவழி நிரல்மொழிகளின் வரலாற்றில் மிக நயமான கருத்துகள் சில அந்த அடியடுக்கில்தான் விளைந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே பொறுமையாக விரித்துப் பார்க்கலாம்.

ஒரு மதிப்பு எதனால் ஆனது என்பது ஒரு கேள்வி. அதைக் கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பது வேறொரு கேள்வி. அலைபேசி எண்ணும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் இலக்கங்களால் ஆனவையே. இரண்டையும் கூட்டினால் ஒரு விடை வரும். அந்த விடைக்குப் பொருள் கிடையாது. முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் வகை இந்தக் கூட்டலைத் தடுக்காது. இரண்டாம் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டுமானால், மதிப்பின் உள்ளமைப்பை அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்று ஒரு கோடு கிழித்தாக வேண்டும்.

இந்தக் கோட்டின் வலிமையை உணர விரும்புவோருக்கு எடின்பரோ நகரம் நல்ல தொடக்கம். ராபின் மில்னர் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, தருக்க நிறுவல்களைக் கணினியின் துணையோடு கட்டும் எல்.சி.எஃப். என்ற கருவியை உருவாக்கினார். அதில் ஒரு நடைமுறைத் தொல்லை இருந்தது. நிறுவலின் ஒவ்வொரு படியும் நினைவகத்தில் சேமிக்கப்பட்டதால், நிறுவல் சற்று நீண்டாலே நினைவகம் நிறைந்துவிடும். எடின்பரோவுக்கு வந்தபின் மில்னரும் உடன் பணிபுரிந்தவர்களும் துணிந்து ஒரு முடிவு எடுத்தார்கள். நிறுவலைச் சேமிக்க வேண்டாம்; நிறுவி முடித்த தேற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். சிறிய கரும்பலகையில் பாடம் நடத்தும் கணித ஆசிரியர், இடம் போதாமல் மேலே எழுதிய படிகளை அழித்துக்கொண்டே போவதற்கு இதை ஒப்பிட்டார், அந்தக் குழுவில் இருந்த மைக் கார்டன்.

அழித்துவிட்டால் நம்புவது எப்படி? ஒரு வாய்பாட்டை நீட்டி ‘இது தேற்றம்’ என்று நிரல் சொல்கிறது. அது முறையாக நிறுவப்பட்டதா, யாரேனும் வெறுமனே எழுதி வைத்ததா என்று காட்ட இப்போது ஏடு எதுவும் இல்லை. மில்னரின் விடை வகையில் இருந்தது. கருவியை இயக்குவதற்கென்றே அவர்கள் எம்.எல். என்ற மொழியைப் படைத்தார்கள். அதில் ‘தேற்றம்’ என்று ஒரு வகை. உள்ளே பார்த்தால் அது மிக எளியது: எடுகோள்களின் பட்டியல் ஒன்று, முடிவு ஒன்று, இரண்டும் சேர்ந்த ஓர் இணை. வெளியிலிருந்து அந்த இணையை யாரும் கட்ட முடியாது. தேற்றம் என்ற வகையைச் சேர்ந்த மதிப்பைத் தரும் சார்புகள் சிலவே: அடிப்படைக் கூற்றுகள், அவற்றிலிருந்து புதியவற்றைப் பெறும் அனுமான விதிகள். ‘அ எனில் ஆ’ என்ற தேற்றத்தையும் ‘அ’ என்ற தேற்றத்தையும் கொடுத்தால் ‘ஆ’ என்ற தேற்றத்தைத் தருவது அத்தகைய விதிகளுள் ஒன்று. ஆகவே தேற்றம் என்ற வகையில் ஒரு மதிப்பு கையில் இருந்தால், அது அந்த விதிகளின் வழியாக மட்டுமே வந்திருக்க முடியும். ஏடு இல்லாவிட்டாலும் வந்த வழி உறுதி. அந்த உறுதிக்குக் காவல் நிற்பது வகைகளைச் சரிபார்க்கும் பகுதி. கார்டன், மில்னர், வாட்ஸ்வொர்த் மூவரும் எழுதிய நூல் 1979இல் இதை விரிவாக வெளியிட்டது.

இது பழங்கதையாக நின்றுவிடவில்லை. ஜான் ஹாரிசன் ஓகேமல் மொழியில் எழுதிய ‘எச்.ஓ.எல். லைட்’ என்ற நிறுவல் கருவி இதே அமைப்பைக் கொண்டது. அதன் கருவில் இருப்பவை 10 அனுமான விதிகளும் 3 கணித அடிப்படைக் கூற்றுகளுமே. ஒரே அளவுள்ள கோளங்களை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளர் கணிப்பின் முறைசார் நிறுவலை தாமஸ் ஹேல்ஸ் தலைமையிலான குழு 2014இல் முடித்தது. அதில் பயன்பட்டவை எச்.ஓ.எல். லைட்டும், அதே மரபில் வந்த இசபெல் என்ற கருவியும். சந்தைகளில் ஆரஞ்சுப் பழங்களைக் குவிக்கும் முறைதான் ஆகச் சிறந்தது என்று இன்று ஐயமின்றிச் சொல்கிறோம். அந்த உறுதி, வெளியார் கட்ட முடியாத ஓர் இணையின்மேல் நிற்கிறது.

இத்தகைய வகையை ஆங்கிலத்தில் ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்பார்கள். இலத்தீனில் அதன் வேர்ப்பொருள் ‘விலக்கி இழுத்தல்’. உருவிலிருந்து கருத்தைப் பிரித்து எடுப்பது. தமிழில் ‘அருவம்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் உருவமே இல்லாதது அருவம்; நாம் பேசும் மதிப்புக்கோ நினைவகத்தில் உண்மையான வடிவம் இருக்கிறது. சைவ சித்தாந்தம் அருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே ‘அருவுருவம்’ என்று ஒன்றைச் சொல்கிறது. வடிவம் உண்டு, உறுப்புகள் தெரிவதில்லை; சிவலிங்கம் அதற்கு எடுத்துக்காட்டு. மில்னரின் தேற்றம் என் கண்ணுக்கு அருவுருவ வகை. அதைக் கையில் வாங்கலாம், பட்டியலில் அடுக்கலாம், இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். உறுப்புகளைத் தொட்டுத் திருத்த மட்டும் இயலாது. இந்தச் சொல் எளிதில் வழக்குக்கு வந்துவிடாது என்பதை அறிவேன். ஆயினும் கருத்தின் நடுப்புள்ளியை இதைப்போல் வேறு சொல் தொடவில்லை.

உறுப்புகள் தெரியாததால் பயனாளிக்கு இழப்பில்லை, ஆதாயமே உண்டு என்பதை ஜான் ரெனால்ட்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வுரையின் தொடக்கத்தில் ஒரு கதையாகச் சொன்னார். ஒரு பல்கலைக்கழகத்தில் கலப்பெண்களைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் இரண்டு பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். டேகார்ட், கலப்பெண் என்பது மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் சேர்ந்த இணை என்று தொடங்குகிறார். பெசல், அது நீளமும் கோணமும் சேர்ந்த இணை என்று தொடங்குகிறார். இருவரும் கூட்டல், பெருக்கல் முதலானவற்றைத் தத்தம் வழியில் வரையறுக்கிறார்கள். முதல் வகுப்பு முடிந்ததும் அலுவலகத்தில் நேர்ந்த பிழையால் மாணவர் பிரிவுகள் இடம் மாறிவிடுகின்றன. அதன்பின் கல்விப்பருவம் முழுவதும் பாடம் நடக்கிறது. எந்த மாணவருக்கும் எந்தக் கூற்றும் பொய்யாகப்படவில்லை. அடிப்படைச் செயல்களை வரையறுத்து முடித்த பிறகு, இருவரும் அந்தச் செயல்களைக் கொண்டு மட்டுமே பேசினார்கள். இணையின் முதல் உறுப்பு இன்னது என்று அவர்கள் மறுபடி சொல்லவே இல்லை.

கதையின் கூர்மை ஒரு சிறு விவரத்தில் இருக்கிறது. ‘முதல் உறுப்பு எப்போதும் எதிர்க்குறி பெறாது’ என்று பெசல் ஒருமுறை தவறிச் சொல்லியிருந்தால் போதும், அது டேகார்ட்டிடம் தொடங்கிய மாணவர்களுக்குப் பொய்யாகியிருக்கும். நல்லெண்ணத்தால் மட்டும் இப்படிப்பட்ட கட்டுப்பாடு நிலைக்காது. பருவம் முழுதும் வாய் தவறாதிருப்பது அரிது. வகைகள் அந்தக் கட்டுப்பாட்டை எழுத்தில் நிறுத்துகின்றன. உள்ளுறுப்பைப் பற்றிய கூற்று நிரலில் தோன்றினால் கம்பைலர் அதை ஏற்பதில்லை. எனவே உள்ளமைப்பை மாற்றினாலும் வெளியே எவருக்கும் தெரியாது என்பது நிறுவத்தக்க உண்மையாகிறது. 1985இல் ஜான் மிட்செலும் கோர்டன் பிளாட்கினும் இதற்குத் தருக்கத்தின் மொழியில் வடிவம் தந்தார்கள். அருவுருவ வகை என்பது ‘இருக்கிறது’ என்ற உறுதி. ‘இந்தச் செயல்களை ஏற்கும் வகை ஒன்று இருக்கிறது, எது என்று சொல்லமாட்டேன்’ என்பதே அதன் முழு உரை.

இதுவரை பார்த்தது மறைக்கப்பட்ட உள்ளமைப்பு. இனி, மறைப்பதற்கு உள்ளே எதுவுமே இல்லாத ஒரு பெயரைப் பார்ப்போம்.

பட்டியல் என்ற வகையை இப்படி வரையறுக்கலாம்:

பட்டியல் அ = வெறுமை, அல்லது (அ, பட்டியல் அ)

இடப்பக்கத்தில் உள்ள ‘அ’ ஒரு வகைமாறி. எண்களின் பட்டியலா, சரங்களின் பட்டியலா என்பதை அது சொல்கிறது. வலப்பக்கத்திலும் அது வருகிறது. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் ‘அ’ வகையைச் சேர்ந்தது. இப்போது வேறொன்று:

நீளம் அ = நீளம்(மெய்யெண்)

இடப்பக்கத்தில் ‘அ’ இருக்கிறது. வலப்பக்கத்தில் இல்லை. நீளத்தின் உள்ளே ஒரேயொரு மெய்யெண். ‘அ’ வகையைச் சேர்ந்த மதிப்பு எதுவும் அதில் கிடையாது. இவ்வாறு இடப்பக்கத்தில் பெயர் பெற்று வலப்பக்கத்தில் வராத அளவுருவைக் கொண்ட வகைக்கு ‘ஃபான்டம் வகை’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘தோன்றுதல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த சொல் அது; தோற்றம் மட்டும் உடையது என்பது கருத்து. ‘பேய்வகை’ என்று மொழிபெயர்த்தால் அச்சம் சேர்கிறது, அது மிகை. ‘நிழல்வகை’ என்றால் நிழலை வீழ்த்தும் பொருள் ஒன்று எதிரே நின்றாக வேண்டும். இங்கே அப்படி ஒன்று இல்லை என்பதே செய்தி. ஆகவே கடன்சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இங்கே தொகைநிலைத் தொடர் நினைவுக்கு வரும். ‘ஊறுகாய்’ என்பதில் காலம் காட்டும் இடைநிலை எழுத்தில் இல்லை. ஆயினும் மூன்று காலப் பொருளும் அதில் அடங்கியிருக்கிறது. உறவு உண்மைதான், ஆனால் திசை நேர்மாறு. தொகையில் எழுத்து மறைந்து பொருள் நிற்கிறது. ஃபான்டம் வகையில் எழுத்து நிற்கிறது, அதற்கு ஈடான பண்டம் நினைவகத்தில் எங்கும் இல்லை.

பண்டம் இல்லாத பெயரால் என்ன பயன்? மீட்டர், அடி என்று இரண்டு வகைகளை அறிவிப்போம். இவற்றில் எந்த மதிப்பும் வேண்டாம். பெயர்கள் மட்டும் போதும். பிறகு நான்கு சார்புகள்:

மீட்டரில் : மெய்யெண் → நீளம் மீட்டர்
அடியில் : மெய்யெண் → நீளம் அடி
கூட்டு : நீளம் அ → நீளம் அ → நீளம் அ
மீட்டராக்கு : நீளம் அடி → நீளம் மீட்டர்

கூட்டல் சார்பில் ‘அ’ மூன்று இடத்திலும் ஒன்றே. மீட்டரோடு மீட்டரைக் கூட்டலாம், அடியோடு அடியைக் கூட்டலாம். மீட்டரோடு அடியைக் கூட்ட முயன்றால் நிரல் இயங்கத் தொடங்கும் முன்பே கம்பைலர் நிறுத்துகிறது. மீட்டராக்கும் சார்பு உள்ளே 0.3048ஆல் பெருக்குகிறது, அந்தப் பெருக்கலைத் தாண்டாமல் அடி மீட்டராக முடியாது. நிரல் இயங்கும்போதோ எல்லாம் வெறும் மெய்யெண்கள். பெயர்ச்சீட்டைச் சுமக்க ஒரு பைட் கூடச் செலவாவதில்லை.

அலகுப் பிழை பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலத்தை நினைவுகூர்வது வழக்கம். 1999 செப்டம்பர் 23 அன்று அது செவ்வாயை அடைந்தபோது தொலைந்துபோனது. சிறு உந்துவிசைகளின் கணத்தாக்கை ஒரு தரைநிலைய மென்பொருள் பவுண்டு-விசை வினாடிகளில் கோப்பாக எழுதியது. வழிநடத்தும் குழு அதை நியூட்டன் வினாடிகள் என்று படித்தது. ஒவ்வொரு மதிப்பும் ஏறத்தாழ 4.45 மடங்கு பிசகியது. ஃபான்டம் வகை இருந்திருந்தால் விண்கலம் பிழைத்திருக்கும் என்று எழுதுவோர் உண்டு. அது அவசர முடிவு என்று கருதுகிறேன். இரண்டு நிரல்களுக்கு நடுவே ஒரு கோப்பு இருந்தது, கோப்பில் வெறும் எண்கள் இருந்தன. வகைப்பெயர் அந்த எல்லையைத் தானாகக் கடப்பதில்லை. ஆனால் கோப்பிலிருந்து எண்ணை உள்ளே எடுக்கும் ஒரே வழி ‘மீட்டரில்’, ‘அடியில்’ போன்ற வாசல்களே என்றால், படிப்பவர் ஏதேனும் ஓர் அலகைப் பெயர் சொல்லித் தேர்ந்தாக வேண்டும். தவறாகவும் தேரலாம்தான்; கேள்வியே எழாமல் கடந்துபோக மட்டும் முடியாது. இந்தக் கருவியிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்கது அவ்வளவே, அது சிறிதன்று.

ஃபான்டம் என்ற பெயரைப் பரவச் செய்தது 1999இல் டான் லெயனும் எரிக் மைய்யரும் எழுதிய ஆய்வுரை. ஹாஸ்கெல் மொழிக்குள்ளிருந்தே தரவுத்தள வினவல்களை எழுதுவது அவர்கள் நோக்கம். வினவல் கோவைகள் உள்ளே வகையற்ற மரங்களாக இருந்தன. ஓர் எண்ணையும் ஒரு சரத்தையும் சமமா என்று கேட்கும் அபத்த மரத்தையும் கட்ட முடியும். அந்த மரத்தின்மேல் ‘கோவை அ’ என்று ஓர் உறையைப் போர்த்தினார்கள். ‘அ’ உள்ளே எங்கும் வராது. சமமா என்று கேட்கும் சார்பு ‘கோவை அ’ இரண்டை வாங்கி ‘கோவை மெய்பொய்’ ஒன்றைத் தரும் என்று அதன் வகையை எழுதினார்கள். அபத்த மரங்கள் கட்ட முடியாதவை ஆயின. தரவுத்தளத்துக்குச் செல்லும் வினவலோ முன்போலவே சாதாரண எழுத்துச்சரம்.

இப்போது இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறோம். பாடநூல்கள் பெரும்பாலும் ஃபான்டம் வகையைத் தனியே விளக்கிவிட்டு நகர்கின்றன. அது பாதிக் கதை. பெயர்ச்சீட்டு தன்னளவில் எதையும் காக்காது. ‘நீளம் அடி’ என்பதில் உள்ள ‘அடி’க்கு உண்மையில் அடியோடு எந்தத் தொடர்பும் இல்லை. ‘அடியில்’ என்ற வாசல் வழியாக வந்ததால் அது அடி. வேறு வழியில் வர முடியாததால் அந்தப் பெயர் பொய்க்காது. வாசலைத் திறந்து போட்டால் பெயர் வெறும் ஒலி.

ஓகேமல் மொழியில் இதைக் கண்ணாரக் காணலாம். மாட்யூலின் வெளிமுகத்தில் ‘நீளம் அ என்பது மெய்யெண்ணே’ என்று வெளிப்படையாகச் சுருக்கப்பெயராக எழுதிவிட்டால், கம்பைலர் ‘நீளம் மீட்டர்’, ‘நீளம் அடி’ இரண்டையும் மெய்யெண் என்று விரித்து இரண்டும் ஒன்றே என்று கொள்கிறது. எந்தத் தடையும் எழாது. அதே வெளிமுகத்தில் ‘நீளம் அ’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், சமக்குறியும் அதன்பின் வருவதும் மறைந்துவிட, அவை இரண்டும் வேறு வேறு வகைகளாகின்றன. உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. வெளியே சொல்லாமல் விட்டதுதான் வேறுபாட்டைப் படைத்தது. ஹாஸ்கெலில், மேலே ‘நீளம்(மெய்யெண்)’ என்று எழுதியதுபோல, மதிப்பை உறையிட்டுக் கட்டும் கட்டமைப்பாளர் கொண்டு வரையறுத்தால் வகைகள் வேறுபட்டே இருக்கும். ஆனால் அந்தக் கட்டமைப்பாளரை ஏற்றுமதி செய்துவிட்டால், யாரும் உறையைப் பிரித்து எண்ணை எடுத்து வேறு பெயருள்ள உறையில் இட்டுவிடலாம். மூடிய தேற்றத்தை மில்னர் காத்த அதே கதவு இங்கேயும் வேண்டும்.

கதவை மூடியும் கசிவு நேர்ந்த வரலாறு ஒன்று உண்டு. இந்தக் கருத்தின் ஆழத்தை அதைப்போல் வேறெதுவும் எனக்குக் கற்பிக்கவில்லை. 2014இல் வெளிவந்த 7.8ஆம் பதிப்பில் ஜி.எச்.சி. என்ற ஹாஸ்கெல் கம்பைலர், நினைவகத்தில் ஒரே வடிவம் கொண்ட இரு வகைகளுக்கிடையே செலவின்றி மாற்றும் வசதியைத் தந்தது. ஒரு வகையின் பட்டியலை, அதே வடிவுடைய வேறு வகையின் பட்டியலாக ஒவ்வோர் உறுப்பையும் தொடாமலே மாற்றலாம். எந்த மாற்றம் பாதுகாப்பானது என்று முடிவு செய்ய, ஒவ்வொரு வகையளவுருவுக்கும் கம்பைலர் ஒரு ‘பங்கு’ வகுக்கிறது. பெயரே முக்கியமானால் ஒரு பங்கு, வடிவம் மட்டும் முக்கியமானால் இன்னொன்று, வலப்பக்கத்தில் வரவே இல்லை என்றால் ‘ஃபான்டம்’ பங்கு. மூன்றாவது பங்கில் உள்ள அளவுருவை எதுவாகவும் மாற்றிக்கொள்ளலாம், ஏனெனில் நினைவகத்தில் அதனால் எந்த வேறுபாடும் இல்லை.

இதன் விளைவைச் சற்று நின்று நோக்க வேண்டும். நமது ‘நீளம் அ’வின் கட்டமைப்பாளரை மறைத்தாயிற்று. ஆயினும் கம்பைலர் உள்ளே பார்க்கிறது, ‘அ’ எங்கும் இல்லை என்று காண்கிறது, ஃபான்டம் பங்கை வகுக்கிறது. உடனே வெளியார் எவரும் ‘நீளம் அடி’யை ‘நீளம் மீட்டர்’ ஆக, 0.3048ஐத் தொடாமலே, மாற்றிவிடலாம். கம்பைலர் பொய் சொல்லவில்லை. எதனால் ஆனது என்ற முதல் கேள்விக்கு அது சரியாகவே விடை சொன்னது. இரண்டாம் கேள்விக்கான விடை ஆசிரியரின் மனத்தில் இருந்தது, எழுத்தில் இல்லை. அதனால் அதே பதிப்பில், அளவுருவின் பங்கை ஆசிரியரே கையால் எழுதவும் வழி தரப்பட்டது. ‘நீளத்தின் அளவுருவுக்குப் பெயரே முக்கியம்’ என்று ஒரு வரி சேர்த்தால் கசிவு அடைபடும். ஹாஸ்கெலின் அடிப்படை நூலகத்தில் பிறமொழி நினைவகத்தைச் சுட்டும் ‘சுட்டி அ’ என்ற வகை இத்தகையது. உள்ளே வெறும் முகவரி, அளவுரு வலப்பக்கத்தில் இல்லை. அதை ஃபான்டம் பங்கில் விடாமல் கையால் இறுக்கி வைத்திருக்கிறார்கள். வடிவத்தில் இல்லாத ஒன்று நெறியில் இருக்கிறது என்பதைக் கம்பைலரால் ஊகிக்க முடியாது. வகுத்தவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த அடுக்கு இன்னும் நுண்ணியது. ஹாஸ்கெலில் சார்புகள் தூயவை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை. ஆனால் சில கணிப்புகளுக்கு உள்ளே ஒரு நினைவறையை எழுதி, அழித்து, மறுபடி எழுதுவது இயல்பு. வெளியே தெரியாதவரை அதனால் கேடில்லை. அறை வெளியே நழுவினால் கேடு. 1994இல் ஜான் லாஞ்ச்பரியும் சைமன் பெய்ட்டன் ஜோன்சும் இதற்குத் தீர்வு கண்டார்கள். நினைவறையின் வகையை ‘அறை இ அ’ என்று கொள்வோம். ‘அ’ உள்ளிருக்கும் மதிப்பின் வகை. ‘இ’ என்பது அந்தக் கணிப்பு இழையின் பெயர். இயங்கும்போது அதற்கு ஈடாக எந்த மதிப்பும் கிடையாது. கணிப்பை ஓட்டி விடையை வெளியே தரும் சார்பு ஒரே ஒரு நிபந்தனை விதிக்கிறது: கொடுக்கப்படும் கணிப்பு, ‘இ’ எதுவாக இருந்தாலும் செல்லுபடியாக வேண்டும்.

நிபந்தனையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். ‘இ’ எது என்று கணிப்புக்குத் தெரியாது; தெரிந்துகொள்ளவும் வழியில்லை. விடையின் வகையோ வெளியே, ‘இ’ என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கணிப்பு தன் அறையையே விடையாகத் தர முயன்றால் விடையின் வகையில் ‘இ’ வந்தாக வேண்டும். வெளியே அந்தப் பெயரை அறிந்தவர் இல்லை. கம்பைலர் மறுக்கிறது. இரண்டு இழைகளின் அறைகளைக் கலக்கவும் முடியாது, ஏனெனில் பெயர்கள் வேறு. தேற்றத்தில் மில்னர் ஒரு வடிவத்தை மறைத்தார். இங்கே மறைக்க வடிவமே இல்லை. ஒரு பெயர் மட்டும் மறைக்கப்படுகிறது, அந்த மறைப்பே முழுக் காவலையும் செய்கிறது. அருவுருவமும் ஃபான்டமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. எழுதிப் பார்த்தால் ஒரு வரிக்குள் அடங்கும் வகை; இதன் வழியாகத் தூய்மை காக்கப்படுகிறது என்பதைச் சமன்பாடுகளின் அளவில் கணினி சரிபார்த்த நிறுவலாக அமீன் திமானியும் உடன் ஆய்ந்தவர்களும் 2018இல்தான் வெளியிட்டார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் என்பதை நினைக்கும்போது அந்த ஒரு வரியின்மேல் மதிப்பு கூடுகிறது.

கடைசியாக, இந்தப் பெயர்ச்சீட்டால் ஆகாதது ஒன்றையும் சொல்ல வேண்டும். லெயன், மைய்யர் இருவரின் ‘கோவை அ’வுக்கு ஒரு மதிப்பீட்டாளர் எழுத நினைப்போம்: ‘கோவை அ’வை வாங்கி ‘அ’ வகை மதிப்பைத் தர வேண்டும். கோவை எண்ணுக்குரியது என்று சீட்டு சொல்கிறது. ஆனால் உறையைப் பிரித்தால் உள்ளே வகையற்ற மரம். சீட்டில் எழுதியதை மரம் அறியாது. மரத்தில் இருப்பது எண்தான் என்று கம்பைலரிடம் காட்டச் சான்று இல்லை. அறிவு உள்ளே செல்கிறது, திரும்பி வருவதில்லை. இக்குறையைத் தீர்க்க ஜேம்ஸ் சீனியும் ரால்ஃப் ஹின்ஸும் 2003இல் ஒரு விரிவைத் தந்தார்கள். ஒவ்வொரு கட்டமைப்பாளரும் தன்னால் கட்டப்படும் கோவையின் ‘அ’ எது என்பதைத் தானே அறிவிக்கும். எண்ணைக் கட்டும் கட்டமைப்பாளர் ‘கோவை எண்’ணையே தரும், சமமா என்று கேட்பது ‘கோவை மெய்பொய்’யையே தரும். அப்போது மரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு கிளையிலும் ‘அ’ இன்னது என்று கம்பைலர் கற்றுக்கொள்கிறது, மதிப்பீட்டாளர் தடையின்றி எழுதப்படுகிறது. 2005இல் ஜி.எச்.சி. 6.4ஆம் பதிப்பிலும் 2012இல் ஓகேமல் 4.00 பதிப்பிலும் இவ்வசதி வந்து சேர்ந்தது.

சீனியும் ஹின்ஸும் தம் கண்டுபிடிப்புக்கு ‘முதல்தர ஃபான்டம் வகைகள்’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ‘பொதுமைப்படுத்திய இயற்கணித வகைகள்’ என்றே இன்று வழங்குகிறது. மாற்றம் தகும் என்று எண்ணுகிறேன். அளவுரு இப்போது வலப்பக்கத்துக்கு வந்துவிட்டது.